கேஷ்லெஸ் முன் அனுமதி: படிவம் நிரப்புவது முதல் மறுப்பை எதிர்ப்பது வரை

மருத்துவமனையின் காப்பீட்டு மேசை முன்னால் நின்று "அப்ரூவல் வந்துருச்சா?" என்று அரை மணிக்கொரு முறை கேட்டுக்கொண்டிருக்கும் குடும்பத்தாரை மதுரையில் எந்தப் பெரிய தனியார் மருத்துவமனையிலும் பார்க்கலாம். அவர்களில் பலருக்கு அந்த அப்ரூவலை யார் தருகிறார், எதைப் பார்த்துத் தருகிறார், எத்தனை மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது தெரியாது. என் அம்மாவைச் சேர்த்த இரவில் எனக்கும் தெரியாது. கேஷ்லெஸ் முறையில், அதாவது நாம் பணம் கட்டாமல் காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகச் செலுத்தும் முறையில், முன் அனுமதி என்பது காப்பீட்டு நிறுவனத்துக்காகவோ, அதன் சார்பில் வேலை பார்க்கும் டிபிஏ எனப்படும் இடைநிலை நிறுவனத்துக்காகவோ பணியாற்றும் ஒரு மருத்துவர், நோயாளியை நேரில் பார்க்காமல், மருத்துவமனை அனுப்பிய காகிதங்களை மட்டும் படித்துச் சொல்லும் முடிவு. காகிதத்தில் இல்லாத எதுவும் அவருக்குத் தெரிய வழியில்லை. இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போகும் பெரும்பாலானவை இந்த ஒரு உண்மையிலிருந்துதான் வருகின்றன.

சேர்வதற்கு முன்னால்

கண்புரை, பித்தப்பைக் கல், மூட்டு மாற்று, குடலிறக்கம் போன்று நாள் குறித்துச் செய்யும் சிகிச்சையாக இருந்தால், சேரும் நாளில் அனுமதி கேட்பது வீண் பதற்றத்தில் முடியும். குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே விண்ணப்பத்தை அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் இல்லாத மருத்துவமனையிலும் கேஷ்லெஸ் கேட்கலாம் என்று பொதுக் காப்பீட்டு மன்றம் 2024 ஜனவரியில் கொண்டுவந்த ஏற்பாட்டிலும் இந்த 48 மணி நேரமே கணக்கு. அவசரச் சேர்க்கையாக இருந்தால், சேர்ந்த பின் 48 மணி நேரத்துக்குள் தகவல் தெரிவிக்க வேண்டும். பாலிசியுடன் தரப்படும் வாடிக்கையாளர் தகவல் தாளில், எந்தச் சிகிச்சைக்கு எத்தனை மாதக் காத்திருப்பு (பாலிசி எடுத்த பின் அந்தச் சிகிச்சைக்குப் பணம் கேட்க முடியாத காலம்), அறை வாடகைக்கு என்ன உச்சவரம்பு என்பவை சுருக்கமாக இருக்கும். பாலிசிப் புத்தகம் முழுவதையும் படிக்க நேரமில்லாதவர்கள் அந்தத் தாளையாவது படித்துவிட்டுப் புறப்பட வேண்டும்.

அறையைத் தேர்ந்தெடுப்பதும் முன் அனுமதியின் ஒரு பகுதிதான், ஏனெனில் அறை வகையும் நாள் வாடகையும் படிவத்திலேயே எழுதப்படுகின்றன. 3 லட்சம் ரூபாய் பாலிசியில் அறை வாடகை 1 சதவீதம் என்று இருந்தால் ஒரு நாளைக்கு 3,000 ரூபாய்தான் வரம்பு. 6,000 ரூபாய் அறையை எடுத்தால், அதிகப்படியான வாடகையோடு மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவற்றிலும் பாதியை நீங்கள் கட்ட வேண்டி வரலாம். மருந்து, உடலில் பொருத்தும் கருவிகள், பரிசோதனைக் கட்டணம், தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணம் ஆகியவற்றில் இந்த விகிதக் கழிவைச் செய்யக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. பில்லில் அப்படிக் கழித்திருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

படிவத்தில் கவனிக்க வேண்டியவை

கேஷ்லெஸ் விண்ணப்பப் படிவம் எல்லா நிறுவனங்களுக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். முதல் பகுதியில் பெயர், பாலிசி எண் முதலியவற்றை நீங்கள் எழுதுவீர்கள். இரண்டாம் பகுதியைச் சிகிச்சை தரும் மருத்துவர் எழுத வேண்டும். நடைமுறையில் இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவரோ, மேசையில் இருப்பவரோ அவசரத்தில் நிரப்பிவிட்டு, பெரிய மருத்துவரின் கையெழுத்தை மட்டும் வாங்குவதுண்டு. அவர்களுடைய பணிச்சுமையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் அந்த இரண்டாம் பகுதியை அனுப்புவதற்கு முன் ஒருமுறை வாங்கிப் படித்துப் பார்ப்பது உங்கள் உரிமை. அந்த ஐந்து நிமிடத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

என் அம்மாவுக்கு 2021 முதல் பாலிசி இருந்தது. அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது அதற்குப் பின், 2022 ஆகஸ்டில்தான், ஒரு பரிசோதனையில் தெரிய வந்தது. 2024 நவம்பரில் காலில் சீழ் வைத்து, இரவு பத்து மணிக்கு ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். பணியில் இருந்த மருத்துவர் "எத்தனை வருஷமா சுகர் இருக்கும்மா?" என்று கேட்டார். அம்மா, "எங்க வீட்டுக்காரருக்குப் பத்து வருசமா இருக்குய்யா, எனக்கு இப்பத்தான்" என்றார். அந்த இரைச்சலில் மருத்துவரின் காதில் விழுந்தது "பத்து வருசம்" மட்டும். படிவத்தின் கீழ்ப்பகுதியில், நாட்பட்ட நோய்கள் எந்த மாதம், எந்த ஆண்டு முதல் என்று கேட்கும் சிறு கட்டங்களில், நீரிழிவுக்கு எதிரே 2014 என்று எழுதப்பட்டது. நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். காலையில் கேஷ்லெஸ் மறுக்கப்பட்டது: பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோயை மறைத்தோம் என்பது காரணம். வீட்டு அலமாரியில் கிடந்த 2022 ஆகஸ்ட் பரிசோதனைச் சீட்டும், சிகிச்சை மருத்துவர் தன் கையெழுத்தோடும் பதிவெண்ணோடும் தந்த திருத்தக் கடிதமும் போன பின்புதான், மறுநாள் மாலை அனுமதி வந்தது. இடைப்பட்ட நேரத்தில் அம்மாவின் வளையலை அடகு வைத்து முன்பணம் கட்டியிருந்தோம்.

ஆகவே அந்த "எந்த ஆண்டு முதல்" கட்டங்களை முதலில் பாருங்கள். சரியான தேதி தெரிந்தால், அதற்கான சீட்டுடன் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். குத்துமதிப்பாக ஓர் எண்ணைச் சொல்லாதீர்கள். அதே வேளையில் உண்மையிலேயே பாலிசிக்கு முன்பிருந்த நோயை மறைக்கச் சொல்லி மருத்துவரை வற்புறுத்துவது தவறு. அது மோசடி என்று நிறுவப்பட்டால் இருக்கும் பாதுகாப்பும் போய்விடும். மறைக்க வேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை. முன்பிருந்த நோய் என்பது பாலிசிக்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவர் கண்டறிந்த, அல்லது மருத்துவ ஆலோசனையோ சிகிச்சையோ பெற்ற நோயை மட்டுமே குறிக்கும். அதற்கான காத்திருப்புக் காலமும் 2024 ஏப்ரல் முதல் 36 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. முன்பு அது 48 மாதமாக இருந்தது. பாலிசி இடைவெளியின்றி 60 மாதம் நடந்துவிட்டால், மோசடியை நிறுவினாலன்றி, நோயை மறைத்தீர்கள் என்ற காரணத்தைச் சொல்லி நிறுவனம் மறுக்க முடியாது.

அடுத்துப் பார்க்க வேண்டியது, நோயின் தன்மையும் கண்டறிந்த அறிகுறிகளும் எழுதப்படும் இடம். "காய்ச்சல், வாந்தி, பரிசோதனைக்காகச் சேர்ப்பு" என்று அங்கே எழுதினால் மறுப்பை நாமே அழைத்ததாகும். பாலிசிகள் அனைத்திலும் ஒரே எண் வரிசையில் அச்சாகும் விலக்குகளில் 04 என்பது, பரிசோதனைக்காக மட்டுமே சேரும் சேர்க்கைக்குப் பணமில்லை என்பதாகும். அதே நோயாளிக்கு "ஐந்து நாள் காய்ச்சல், டெங்கு உறுதி, தட்டணுக்கள் இவ்வளவு, நேற்றைவிட இவ்வளவு குறைவு, வாய்வழி எதுவும் தங்கவில்லை, நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி ஆறு மணிக்கொரு முறை கண்காணிக்க வேண்டியுள்ளது" என்று எழுதினால், வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத நிலை என்பது படிக்கும் மருத்துவருக்கு விளங்கும். புறநோயாளியாகவே பார்த்திருக்கலாமே என்ற கேள்விக்குப் பதில் அந்த இரண்டு வரிகளில் இருக்க வேண்டும். மருத்துவரிடம் மரியாதையாக, "சார், ஏன் சேர்க்க வேண்டியிருந்தது என்பதை ஒரு வரி சேர்த்து எழுதித் தர முடியுமா?" என்று கேட்டால் அவர்கள் மறுப்பதை நான் பார்த்ததில்லை.

காயம் என்றால், எப்படி ஏற்பட்டது, காவல் நிலையத்துக்குத் தகவல் போனதா, மது அருந்தியிருந்தாரா என்று படிவம் கேட்கும். அரசு மருத்துவமனையில் முதலுதவி பெற்று வந்திருந்தால் ஏ.ஆர். காப்பி எனப்படும் விபத்துப் பதிவேட்டு நகலை அங்கேயே கேட்டு வாங்கிவிடுங்கள். நம் பக்கத்துக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். தை மாதத்தில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல்களில் மாடு முட்டிக் காயம்பட்டவர்களுக்கு, ஆபத்தான விளையாட்டு என்ற விலக்கு எண் 09 காட்டப்படலாம். அந்த விலக்கு தொழில்முறையாகப் பங்கேற்பவரைப் பற்றியது. வேடிக்கை பார்க்க நின்றவர் அதில் வர மாட்டார். "மாடு முட்டியது" என்று மட்டும் எழுதாமல், பார்வையாளராக நின்றபோது முட்டியது என்று, அதுவே உண்மையானால், முழுமையாக எழுதச் சொல்லுங்கள்.

ஒரு மணி நேரம், மூன்று மணி நேரம்

காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், அதாவது ஐதராபாத்தில் இருக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ., 2024 மே 29 அன்று வெளியிட்ட மருத்துவக் காப்பீட்டு முதன்மைச் சுற்றறிக்கையில், கேஷ்லெஸ் கோரிக்கை மீது உடனடியாக, அதிகபட்சம் ஒரு மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று கூறியிருக்கிறது. வீட்டுக்கு அனுப்பும் நாளில், மருத்துவமனையின் இறுதி பில் கோரிக்கை கிடைத்த மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும். அதற்கு மேல் தாமதித்து, அதனால் மருத்துவமனை கூடுதல் கட்டணம் கேட்டால், அதை நிறுவனமே தன் பங்குதாரர் நிதியிலிருந்து ஏற்க வேண்டும். சிகிச்சையின்போது நோயாளி இறந்துவிட்டால் நிறுவனம் கோரிக்கையை உடனே முடித்து, உடல் தாமதமின்றி ஒப்படைக்கப்பட வழி செய்ய வேண்டும். துக்கத்தில் நிற்கும் குடும்பம் பில் பாக்கிக்காகப் பிணவறை வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை என்று ஒரு விதி சொல்வது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் இந்த ஒரு மணி நேரம், நீங்கள் அட்டையை மேசையில் கொடுத்த நொடியில் தொடங்குவதில்லை. கோரிக்கை நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் தொடங்குகிறது. பல நேரங்களில் தாமதம் மருத்துவமனையிலேயே நிகழ்கிறது: ஸ்கேன் அறிக்கை வரவில்லை, பெரிய மருத்துவர் ரவுண்ட்ஸ் முடிக்கவில்லை, மேசையில் ஆள் மாறிவிட்டார். ஆகவே "அனுப்பிட்டோம்" என்ற பதிலோடு நகராதீர்கள். எத்தனை மணிக்கு அனுப்பினார்கள், கோரிக்கை எண் என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைச் சொல்லி நிறுவனத்தின் உதவி எண்ணில் பேசினால், வந்து சேர்ந்த நேரத்தைச் சொல்வார்கள். கோரிக்கைக்குத் தேவையான ஆவணங்களை மருத்துவமனையிடமிருந்து நிறுவனமும் டிபிஏவுமே பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கையில் உள்ளது; நகல் கடைக்கும் மேசைக்கும் உங்களை அலைய விடுவது அந்த விதிக்குப் பொருந்தாது.

கேள்வி வந்தால்

மறுப்புக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு கேள்வி வரும். மேசையில் அதை "குவரி வந்திருக்கு" என்பார்கள். அதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், முடிந்தால் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டும், ஆனால் முழுமையாக, சிகிச்சை மருத்துவரின் எழுத்தில் பதில் போக வேண்டும். மருத்துவமனைப் பணியாளர் தன் சொல்லில் தட்டச்சு செய்து அனுப்பும் பதில் மீண்டும் ஒரு கேள்வியையே கொண்டுவரும். சிக்கலான நோயாக இருந்தால், உங்கள் மருத்துவர் நிறுவனத்தின் மருத்துவரோடு தொலைபேசியில் பேச வேண்டும் என்று கேளுங்கள். இரு மருத்துவர்கள் ஐந்து நிமிடம் பேசியதில் தீர்ந்த விஷயங்களை நான் அறிவேன்.

மறு பக்கத்தில் படிப்பவர் எந்தத் துறை மருத்துவர் என்று கேட்பதும் நியாயமான கேள்விதான். இதய நோயைப் பற்றிய முடிவை இதய நோயைப் பார்த்துப் பழகியவர் எடுக்க வேண்டும் என்பது எளிய நியாயம். அமெரிக்காவில் முன் அனுமதியை யார், எப்படி முடிவு செய்வது என்பதற்கு மாநிலங்களே சட்டம் இயற்றுகின்றன. டெக்சாஸ் 2021-இல் இயற்றிய சட்டப்படி, குறிப்பிட்ட மதிப்பீட்டுக் காலத்தில் ஒரு சிகிச்சைக்கான கோரிக்கைகளில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் அனுமதி பெற்ற மருத்துவர், அந்தச் சிகிச்சைக்கு முன் அனுமதியே கேட்க வேண்டியதில்லை. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், சிகிச்சை மருத்துவ ரீதியாகத் தேவையில்லை என்று கணினி நிரல் மட்டும் முடிவு செய்து மறுக்கக் கூடாது, தகுதியுள்ள மருத்துவர்தான் அந்த முடிவை எடுக்க வேண்டும் என்கிறது. நம் ஒழுங்குமுறை நேரத்துக்கு வரம்பு கட்டியதைப் போல, படிப்பவரின் துறைக்கும் ஒரு வரையறை வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதுவரை நம் கையில் இருப்பது எழுத்தில் கேட்பது.

மறுப்பு வந்த பின்

முதலில், கேஷ்லெஸ் மறுப்பும் கோரிக்கை மறுப்பும் வெவ்வேறு என்பதை மனத்தில் கொள்ளுங்கள். கேஷ்லெஸ் மறுக்கப்பட்டாலும் பணத்தைக் கட்டிச் சிகிச்சையை முடித்து, அசல் பில்கள், டிஸ்சார்ஜ் சம்மரி, பரிசோதனை அறிக்கைகளோடு, பாலிசியில் குறித்த நாள்களுக்குள் திரும்பப் பெறும் கோரிக்கையை வைக்கலாம். மறுப்பைக் கேட்டுச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதுதான் மிகப் பெரிய ஆபத்து.

டிபிஏ தானாகவே ஒரு கோரிக்கையை நிராகரிக்க முடியாது. அந்த முடிவு காப்பீட்டு நிறுவனத்துடையது. நிறுவனத்திலும் ஓர் அலுவலர் தனியாக அதைச் செய்ய முடியாது. நிறுவனத்தின் தயாரிப்பு மேலாண்மைக் குழுவோ, அதன் மூன்று உறுப்பினர் கொண்ட கோரிக்கை மறுஆய்வுக் குழுவோ ஒப்புதல் தராமல் எந்தக் கோரிக்கையையும் நிராகரிக்கக் கூடாது என்கிறது 2024 சுற்றறிக்கை. முழுதாக மறுத்தாலும், ஒரு பகுதியைக் கழித்தாலும், பாலிசியின் எந்த விதிப்படி என்று குறிப்பிட்டுத் தெரிவிக்க வேண்டும். ஆகவே நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதும் கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. இப்படி எழுதலாம்:

"மேற்கண்ட எண்ணுள்ள என் கோரிக்கை இந்தத் தேதியில் மறுக்கப்பட்டது. பாலிசியின் எந்தப் பிரிவின் கீழ் மறுக்கப்பட்டது என்பதையும், கோரிக்கை மறுஆய்வுக் குழு இதற்கு எந்தத் தேதியில் ஒப்புதல் அளித்தது என்பதையும், மருத்துவ ஆவணங்களை ஆய்வு செய்த மருத்துவரின் கல்வித் தகுதியையும் துறையையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். உள்நோயாளிச் சிகிச்சை ஏன் அவசியமாயிற்று என்பதற்குச் சிகிச்சை மருத்துவரின் சான்றை இணைத்துள்ளேன். கோரிக்கையை மறுபரிசீலனை செய்து தொகையை வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்."

இதை மின்னஞ்சலிலும் பதிவு அஞ்சலிலும் அனுப்புங்கள். நிறுவனம் இரண்டு வாரத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அதோடு ஆணையத்தின் பீமா பரோசா இணையதளத்திலோ 155255 என்ற கட்டணமில்லா எண்ணிலோ புகாரைப் பதிவு செய்தால், உங்கள் புகாருக்குத் தனி எண் கிடைக்கும்.

பதில் பாதகமாக வந்தாலோ, ஒரு மாதமாகியும் வராவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாடு முழுவதும் அந்த அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டியதில்லை, புகாரை இணையத்திலேயே கொடுக்கலாம், விசாரணை காணொளி வழியாகவும் நடப்பதால் மதுரையிலிருந்து ரயில் ஏற வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை. நிறுவனத்தின் மறுப்பு வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். அவருடைய தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 30 நாளில் நிறைவேற்றாவிட்டால் புகார்தாரருக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் தர வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் ஏற்கெனவே வழக்குப் போட்டுவிட்டால் குறைதீர்ப்பாளர் அதே புகாரை எடுக்க மாட்டார் என்பதால், முதலில் இவரிடம் போவதே நல்லது. அங்கே திருப்தி இல்லாவிட்டால், மறுப்பு வந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடும் வழி திறந்தே இருக்கும்.

புகார் மருத்துவமனை மீதானால் இந்த வழிகள் பயன்படாது. அனுமதி வந்த பின்னும் முன்பணத்தைத் திருப்பித் தராதது போன்றவை மாநிலத்தின் மருத்துவ நிறுவன ஒழுங்குமுறைச் சட்டம், 1997-இன் கீழ் வருபவை. மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநருக்கு எழுத வேண்டும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்களுக்கு

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் தனியார் பாலிசியைவிட முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தையே நம்பியிருக்கும் குடும்பங்கள் ஏராளம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இதில் பாதுகாப்பு உண்டு. இதிலும் முன் அனுமதி உண்டு. ஆனால் இது பட்டியலிடப்பட்ட சிகிச்சைகளுக்கான திட்டம் என்பதால், சேர்க்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தச் சிகிச்சை பட்டியலில் உள்ளதா, இந்த மருத்துவமனை இதே சிகிச்சைக்கு அங்கீகாரம் பெற்றதா? ஒரு மருத்துவமனை எலும்பு முறிவுக்கு அங்கீகாரம் பெற்றிருந்து, இதயத்துக்குப் பெறாமல் இருக்கலாம். கோரிப்பாளையத்தில் இருக்கும் அரசு இராஜாஜி மருத்துவமனையில் இத்திட்டத்துக்கென்றே ஒரு பிரிவு இயங்குகிறது. அங்கே விசாரித்தால் தெளிவு கிடைக்கும்.

அட்டை இல்லாமல் நோயாளியைச் சேர்த்துவிட்டால் கலங்க வேண்டாம். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதிவு செய்யலாம். வருமானச் சான்று கைவசம் இல்லாததால்தான் பலருக்கு நாள்கள் வீணாகின்றன. வீட்டில் வயதானவரோ நாட்பட்ட நோயாளியோ இருந்தால் இன்றே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை அட்டையை ஏற்றுக்கொண்ட பின்னும் தனியாகப் பணம் கேட்டாலோ, அனுமதி காரணமின்றி இழுத்தடிக்கப்பட்டாலோ, 104 அல்லது 1800 425 3993 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் அசைவில்லை என்றால், அந்த எண்ணையும் மருத்துவமனை தந்த ரசீதுகளின் நகலையும் மனுவோடு இணைத்து, திங்கட்கிழமை காலை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, மனு பெற்றதற்கான ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொண்டு வாருங்கள்.